சப்போரோவில் நான்கு நாள்: ஒரு தொழுவமும் ஒரு மண்டபமும்

அக்டோபர் 28

டோக்கியோ வேலை மூன்று நாளில் முடிந்துவிட்டது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். துணி வாங்குபவர்களைச் சந்திக்க வந்த குழுவில் நானும் ஒருவன். கூட வந்தவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். நான் நான்கு நாள் விடுப்பு சொல்லிவிட்டு வடக்கே ஹொக்கைடோ தீவுக்கு வந்தேன். பனி விழ இன்னும் நாள் இருக்கிறதே, அங்கே போய் என்ன பார்க்கப்போகிறாய் என்று கேட்டார்கள். ஒரு மாட்டுத் தொழுவம் பார்க்கணும் என்றேன். அதுதான் உண்மை.

நான் படித்தது வேளாண்மை. கோவை லாலி ரோட்டில் நான்கு வருடம். அங்கே படித்த காலத்தில், உலகத்தின் பழைய வேளாண் கல்லூரிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கும் பழக்கம் வந்தது. எங்கள் கல்லூரியின் வேர் சென்னை சைதாப்பேட்டையில் 1868இல் தொடங்கிய வேளாண் பள்ளி. 1906இல்தான் அது கோவைக்கு வந்தது. சப்போரோ வேளாண் கல்லூரி தொடங்கியது 1876இல். எங்களுக்கு எட்டு வயது இளையது. ஆனால் சைதாப்பேட்டையில் அந்த நாளைய பண்ணை இன்று இல்லை. இங்கே 1877இல் கட்டிய தொழுவம் அப்படியே நிற்கிறது. அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது இருபது வருட ஆசை.

வந்து இறங்கியபோது மழை. பெரிய மழை இல்லை, ஆனால் நிற்கவே இல்லை. எட்டு டிகிரி. திருப்பூரில் வாங்கிய ஜாக்கெட் முன்பக்கம் தாங்கியது, தோள்பட்டையில் நனைந்துவிட்டது. நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த சூப் கறிக் கடையில் ஒதுங்கினேன். பரிமாறிய பெண் முதலில் மெனுவைக் கொண்டுவரவில்லை, ஒரு ஹேங்கரைக் கொண்டுவந்தாள். ஜாக்கெட்டை வாங்கி அடுப்புப் பக்கமாக மாட்டிவிட்டுத்தான் என்ன வேண்டும் என்று கேட்டாள்.

சூப் கறி இந்த ஊரின் சொந்தச் சாப்பாடு. கோழிக் குழம்பை ரசம் பதத்துக்கு இளக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. ஒரு முழுக் கோழிக்கால், எண்ணெயில் பொரித்த கேரட், உருளை, பூசணி, தாமரைத் தண்டு எல்லாம் துண்டு துண்டாக நிற்கின்றன. காரம் எத்தனை என்று எண் சொல்ல வேண்டும். ஐந்து என்றேன், நாக்கு சரியாகச் சுட்டது. சோறு தனித் தட்டில், ஓரத்தில் ஒரு எலுமிச்சைத் துண்டு. நான் வழக்கம்போல் குழம்பைச் சோற்றின்மேல் ஊற்றப்போனேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் தன் கரண்டியில் சோற்றை எடுத்து, சூப்பில் முக்கி, என் பக்கம் லேசாகத் தூக்கிக் காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அப்படியே சாப்பிட்டேன். கோழிக்கால் எலும்பை விட்டுத் தானாகக் கழன்றது. 1,450 யென், நம் காசில் 850 ரூபாய் பக்கம். மல்லியும் சீரகமும் சேர்ந்து வந்த அந்த வாசனைக்குக் கொடுக்கலாம்.

சாப்பிட்டு முடித்து ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் முதன்மை வாசலுக்கு நடந்தேன். நிலையத்திலிருந்து பத்து நிமிடம்கூட இல்லை. சப்போரோ வேளாண் கல்லூரி வளர்ந்து வளர்ந்து ஆனதுதான் இந்தப் பல்கலைக்கழகம். நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. தொழுவம் வளாகத்தின் வடகோடியில் இருக்கிறது, அதை நாளைக்கு என்று வைத்துக்கொண்டு, வாசல் பக்கம் மட்டும் ஒரு சுற்றுச் சுற்றினேன். பெரிய எல்ம் மரங்கள், புல்வெளி, நடுவே ஒரு சின்ன ஓடை. மரங்களுக்கு இடையே வெள்ளைப் பலகைச் சுவரோடு இரண்டு மாடி மரக்கட்டடம் ஒன்று. நடுவில் முகப்பு, இரு பக்கமும் ஒரே அளவில் சிறகுகள், மேலே மடிந்து இறங்கும் கூரை. ஜன்னல்களில் ஒன்றிரண்டில் விளக்கு எரிந்தது. நான் பார்க்க வந்த பட்டியலில் இது இல்லை. போனை எடுத்து எழுத்துகளின் மேல் காட்டினேன். ஃபுருகாவா நினைவு மண்டபம்.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். கல்லூரியில் சூழலியல் எடுத்த ஆசிரியர் நொய்யலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஜப்பானின் வதராசே ஆற்றையும் சேர்த்துப் பேசுவார். வதராசேவைப் பாழாக்கிய அஷியோ தாமிரச் சுரங்கத்தின் முதலாளி பெயர் ஃபுருகாவா. வேளாண் கல்லூரிக்குள் அந்தப் பெயர் எப்படி வந்தது? மழையில் நின்று அந்தப் பலகையை நான்கைந்து முறை படித்தேன்.

அக்டோபர் 29

மழை விட்டது. காலையில் செய்கோமார்ட் கடையில் சால்மன் வைத்த சோற்று உருண்டை இரண்டு, ஒரு பால் டப்பா. ஹொக்கைடோ பால் கெட்டியாக, லேசான இனிப்போடு இருக்கிறது.

வடக்கே 18ஆம் தெருப் பக்கத்து வாசல் வழியாகப் போனேன். கட்டணம் இல்லை. வேலி தாண்டி உள்ளே போனதும் புல்வெளியில் ஒன்பது பத்துக் கட்டடங்கள், ஒவ்வொன்றும் ஒரு திசையைப் பார்த்து நிற்கின்றன. நடுவில் பெரிதாக நிற்பதுதான் 'மாதிரித் தொழுவம்'. இன்றைக்கும் இதை 'மாடல் பார்ன்' என்றுதான் சொல்கிறார்கள்.

இதன் கதையைச் சொன்னால்தான் கட்டடம் புரியும். அந்த நாளைய ஜப்பானின் மெய்ஜி அரசு ஹொக்கைடோவைத் திருத்தி விளைநிலமாக்க ஒரு தனித் துறையே வைத்திருந்தது. சப்போரோ என்ற பெயர், இந்தத் தீவின் பூர்வகுடிகளான ஐனு மக்களின் மொழியிலிருந்து வந்தது. அந்த மக்கள் மீன் பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்த மண்ணில் தெற்கிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அவர்களுக்குக் குளிர்நாட்டு விவசாயம் சொல்லிக்கொடுக்க, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் வேளாண் கல்லூரித் தலைவர் வில்லியம் கிளார்க்கை 1876இல் அழைத்தார்கள். அவர் இருந்தது சுமார் எட்டு மாதம். 1877 ஏப்ரலில் விடைபெறும்போது குதிரைமேல் இருந்தபடி மாணவர்களிடம் 'பாய்ஸ், பீ அம்பிஷியஸ்' என்று சொன்னதாக ஜப்பானில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவரோடு வந்த வில்லியம் வீலர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்ததுதான் இந்தத் தொழுவம். விவசாயி வந்து பார்த்து, இப்படித்தான் மாட்டை வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காகக் கட்டினார்கள். 1910 வாக்கில் கல்லூரி விரிந்தபோது கட்டடங்களை இந்த இடத்துக்கு நகர்த்தினார்கள். 1969இல் தேசிய முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்துவிட்டார்கள்.

உள்ளே நுழைந்ததும் பழைய மரத்தின் வாசனை. எங்கள் வீட்டுக் கட்டுத்தரையை அண்ணாந்து பார்த்தால் பனை உத்திரமும் மேலே கீற்றும் தெரியும். இங்கே ஒரு உத்திரமும் கனமாக இல்லை. மெல்லிய பலகைகளை நெருக்கி நெருக்கி நிறுத்தி ஆணியடித்திருக்கிறார்கள். பெரிய தச்சன் தேவையில்லை, அறுத்த பலகையும் ஆணியும் இருந்தால் குடியானவனே கட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவில் புதிதாகக் குடியேறியவர்கள் இப்படித்தான் கட்டினார்களாம். கீழே மாடும் உழவுக் குதிரையும், மேலே உலர்ந்த புல். நம் ஊரில் வைக்கோல்போர் களத்தில் இருக்கும், மாடு சாளையில் இருக்கும், இரண்டுக்கும் நடுவே மழையில் நனைந்துகொண்டு அம்மா நடப்பார். மாதக்கணக்கில் பனி மூடும் ஊரில் அந்த நடையே இல்லாமல் செய்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் இறக்குமதி செய்த கலப்பைகள், விதைக் கருவிகள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். ஒரு இரும்புக் கலப்பையின் கைப்பிடி மரத்தில் உள்ளங்கை படும் இடம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. வலது பிடி இடதை விட அதிகம். யாரோ ஒருவர் வருடக்கணக்கில் ஒரு பக்கமே அழுத்தி ஓட்டியிருக்கிறார்.

அப்புறம் சோளக் கிடங்கு. மக்காச்சோளம் சேர்க்கக் கட்டிய தனிக் கட்டடம், தரையிலிருந்து தூக்கி நிறுத்தியது. குனிந்து அடிப்பக்கம் பார்த்தேன். எலி ஏறிவராதபடி தூண்களில் தடுப்பு. எனக்கு உடனே எங்கள் தென்னந்தோப்பு ஞாபகம் வந்தது. ஆள் உயரத்துக்கு மேலே மரத்தைச் சுற்றித் தகரம் அடித்திருப்போம். எலி அதுவரை ஏறும், தகரத்தில் நகம் பிடிக்காமல் வழுக்கிவிடும். அப்பாரு தகரம் அடிக்கும்போது நான் ஆணி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எலிக்கு எதிராக உலகம் முழுக்க ஒரே யோசனைதான் போலிருக்கிறது.

நான் குனிந்தே இருப்பதைப் பார்த்து, அங்கே பொறுப்பில் இருந்த பெரியவர் வந்தார். எழுபது இருக்கும். இந்தியா, விவசாயக் குடும்பம், வேளாண்மை படித்தவன் என்று போனில் எழுதிக் காட்டினேன். உடனே அவர் முகம் மாறியது. ஒரு டார்ச்சை எடுத்துவந்து, தொழுவத்துக்குள் மறுபடி கூட்டிப்போய், மூலைமூலையாக வெளிச்சம் போட்டுக் காட்டினார். எது பழைய பலகை, எது பிற்பாடு மாற்றியது என்று ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். பாதி புரிந்தது. கிளம்பும்போது 'உங்கள் வீட்டில் எத்தனை மாடு?' என்று அவர் போனில் எழுதிக் காட்டினார். இப்போது இல்லை என்றேன். ஏன் என்றார். தண்ணீர் கெட்டுவிட்டது என்று எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு என்னைவிடத் தாழக் குனிந்து வணங்கினார்.

மதியம் மாணவர் உணவகத்தில் சாப்பிட்டேன். வெளியாட்களும் போகலாம். சோறு, மீன் வறுவல், மிசோ சூப், ஒரு கிண்ணம் கீரை, எல்லாம் சேர்த்து 620 யென். கிளார்க் காலத்து விடுதியில் சோறு போடமாட்டார்கள், மசாலாக் குழம்பு உள்ள நாளில் மட்டும் சோறு என்று இங்கே ஒரு கதை சொல்கிறார்கள். இந்தக் குளிரில் நெல் வராது, கோதுமையும் மாடும்தான் என்பது அந்த நாளைய எண்ணம். இன்றைக்கு ஜப்பானில் அதிகம் நெல் விளையும் பகுதிகளில் ஹொக்கைடோவும் ஒன்று. குளிர் தாங்கும் ரகங்களை ஆராய்ச்சிக்காரர்களும் குடியானவர்களும் பல தலைமுறையாகத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். அந்தத் தட்டுச் சோற்றை மரியாதையோடு சாப்பிட்டேன்.

அக்டோபர் 30

காலையில் மணிக்கூண்டு. நகரத்தின் நடுவே உயரமான கட்டடங்களுக்கு இடையில் சின்னதாக நிற்கிறது. பார்த்து ஏமாந்துபோகும் இடம் என்று ஜப்பானியர்களே சொல்வார்களாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது 1878இல் சப்போரோ வேளாண் கல்லூரியின் பயிற்சிக் கூடமாகக் கட்டியது. மேல்மாடியில் நடுத்தூண் இல்லாத பெரிய கூடம். மாணவர்கள் அங்கே இராணுவ நடை பழகினார்கள். வேளாண் கல்லூரியில் எதற்கு இராணுவப் பயிற்சி? அமெரிக்காவில் 1862இல் வந்த நிலக்கொடைச் சட்டத்தில் விவசாயம், இயந்திரத் தொழில் இவற்றோடு இராணுவப் பயிற்சியும் பாடமாக இருந்தது. மாசசூசெட்ஸ் கல்லூரி அப்படி எழுந்தது. கிளார்க் அதே பாடத்திட்டத்தை இங்கே கொண்டுவந்தார்.

கடிகாரம் பாஸ்டன் நகரின் ஹோவர்ட் கம்பெனியுடையது. வந்து சேர்ந்தபோது கூண்டைவிடப் பெரிதாக இருந்ததால் கூண்டையே மாற்றிக் கட்டி 1881இல் ஓடவிட்டார்கள். இன்றும் கையால்தான் முடுக்குகிறார்கள். அதை இழுக்கும் எடை என்பது மரப்பெட்டிக்குள் தொயோஹிரா ஆற்றுக் கூழாங்கல். மேல்மாடியில் அதே வகைக் கடிகாரம் ஒன்றைப் பிரித்துக்காட்டுவதுபோல் வைத்திருக்கிறார்கள். பத்து நிமிடம் பல்சக்கரங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மணி பத்து அடித்தது. மெலிதான சத்தம். தெருவில் நடந்தவர்களில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை, பழகிய சத்தம்.

அப்புறம் பல்கலைக்கழகத்தின் 13ஆம் தெரு ஜின்கோ சாலை. இரு பக்கமும் மரம் முழுக்க மஞ்சள், தரையும் மஞ்சள். படம் எடுக்கப் பின்னால் நகர்ந்தபோது விழுந்து கிடந்த பழங்களை மிதித்துவிட்டேன். நாள்பட்ட வெண்ணெய் நாற்றம், காலணியின் அடிப்பள்ளங்களிலெல்லாம் ஏறிவிட்டது. கையால் துடைக்கக் குனிந்தேன். 'தமே, தமே' என்று ஒரு பாட்டி ஓடிவந்தார். ரப்பர் கையுறையோடு அவரும் அதே பழங்களைத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தார். வெறுங்கையில் பட்டால் அரிப்பெடுக்கும் என்று தன் மணிக்கட்டைச் சொறிந்து காட்டினார். ஒரு குச்சியால் அவரே என் காலணியைச் சுரண்டிவிட்டு, ஈரத் துணி கொடுத்தார். வேண்டாம் பாட்டி என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன், அவசரத்தில் அதுதான் வந்தது. பிறகு பையிலிருந்து காய்ந்த கொட்டைகள் கொஞ்சத்தைக் காகித உறையில் போட்டு மடித்து, மைக்ரோவேவில் வைத்தால் வெடிக்கும் என்று விரல்களை விரித்துக் காட்டினார். இரவு விடுதியில் வைத்துப் பார்த்தேன். பச்சை மணி நிறத்தில் பருப்பு, பலாக்கொட்டையும் பனங்கிழங்கும் சேர்ந்த ருசி, கடைசியில் ஒரு கசப்பு.

மதியம் ஃபுருகாவா மண்டபத்துக்குத் திரும்பினேன். இரண்டு இரவாகப் படித்ததில் நான் தெரிந்துகொண்டதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபுருகாவா இச்சிபே 1877இல் அஷியோ சுரங்கத்தை வாங்கினார். இந்தத் தொழுவம் கட்டிய அதே ஆண்டு. சில வருடங்களில் ஜப்பானின் பெரிய தாமிரச் சுரங்கம் அதுவானது. உருக்கும் புகையில் மலை மரங்கள் கருகின, கழிவு வதராசே ஆற்றில் இறங்கியது. மீன் செத்தது. 1890 வெள்ளத்தில் விஷ மண் வயல்களில் ஏறிப் படிந்தது. சுரங்கம் இருந்த தோச்சிகி மாநிலத்தைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் தனாகா ஷோசோ 1891 முதல் சபையில் இதைக் கேட்டார். 1900இல் மனு கொடுக்கத் தலைநகருக்கு நடந்த விவசாயிகளைப் போலீஸ் அடித்து விரட்டியது. தனாகா பதவியை விட்டார். 1901 டிசம்பரில் பேரரசரின் வண்டியை நோக்கி மனுவோடு ஓடினார், பிடித்துவிட்டார்கள். அதே 1901இல் இந்தச் சப்போரோ கல்லூரியில் படித்த உச்சிமுரா கன்சோ பாழான ஊர்களுக்கு நேரில் போய்ப் பார்த்துச் செய்தித்தாளில் எழுதினார். இந்த வரியைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது. கல்லூரியின் பிள்ளை ஒருவர் விவசாயிகள் பக்கம் நின்றிருக்கிறார்.

அரசு கடைசியில் எடுத்த முடிவு, நச்சு வெள்ளத்தைத் தேக்கி வைக்க ஒரு பெரிய ஏரி. அதற்கு யனாகா என்ற கிராமம் போக வேண்டும். 1907இல், எழுந்துபோக மறுத்த கடைசி 16 குடும்பங்களின் வீடுகளை இடித்தார்கள். அதே நேரத்தில் இன்னொன்று நடந்தது. ரஷ்யாவோடு போர் முடிந்து அரசிடம் பல்கலைக்கழகம் கட்டப் பணமில்லை. அப்போதைய உள்துறை அமைச்சர் ஹாரா தகாஷி, அதற்குச் சற்று முன்பு ஃபுருகாவா சுரங்க நிறுவனத்தின் துணைத் தலைவராக இருந்தவர். அவர் முயற்சியில் ஃபுருகாவா குடும்பம் 10 லட்சம் யென் அளவுக்குக் கல்விக்குக் கொடுத்தது. அந்தப் பணத்தில் சப்போரோ வேளாண் கல்லூரிக்கு எழுந்த கட்டடங்களில் ஒன்று 1909இல் முடிந்த இந்த வனவியல் வகுப்புக் கட்டடம். அவற்றில் இன்று மிஞ்சியது இது. காடு அழிந்த மலையிலிருந்து வந்த காசில் காடு வளர்க்கச் சொல்லிக்கொடுக்கும் கட்டடம்.

1911இல் யனாகா பக்கத்துக் குடும்பங்கள் 66, இதே ஹொக்கைடோவுக்கு, ஒக்கோட்ஸ்க் கடலோரம் சரோமா காட்டுக்குக் குடியேற்றப்பட்டன. அவர்கள் போய்ச்சேர்ந்த இடத்துக்கு இன்றும் தோச்சிகி என்றே பெயர். அங்கே போக நினைத்தேன், ஒரே நாளில் போய்வர முடியாத தூரம். சுரங்கம் 1973இல் மூடியது. 1974இல்தான் நிறுவனம் பொறுப்பை ஏற்று, பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு 155 கோடி யென் இழப்பீடு தர ஒத்துக்கொண்டது.

இந்தக் கட்டடத்தைப் பற்றி இன்னொன்றும் உண்டு. 1995இல் இதன் அறை ஒன்றில் அட்டைப்பெட்டிக்குள் ஆறு மண்டையோடுகள் கிடைத்தன. ஒன்றின் மேல், 1894இல் கொரியாவில் எழுந்த தொங்ஹாக் விவசாயிகளின் தலைவர் ஒருவருடையது, ஜிந்தோ தீவில் எடுத்தது என்று எழுதியிருந்தது. அடுத்த வருடம் அதைக் கொரியாவுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அதையும் படித்துவிட்டு, அந்த அழகான வெள்ளைச் சுவரை வேறு மாதிரிப் பார்க்க முடியவில்லை, பழைய மாதிரியும் பார்க்க முடியவில்லை.

எங்கள் தோட்டம் நொய்யல் கரைப் பக்கம், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய அணை. சில வருடங்களில் திருப்பூர்ச் சாயத்தண்ணி வந்து தேங்கும் இடமாகிவிட்டது. கிணறு உப்பானது, தென்னை காய் சிறுத்தது, மாடு தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பியது. அப்பா மாட்டை விற்றுவிட்டுத் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போனார். என்னை வேளாண் கல்லூரியில் படிக்க வைத்தது அந்தச் சம்பளம். 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவில் பட்டறைகளை மூடியபோது அவருக்கு வேலையும் போனது. நான் இன்று பனியன் கம்பெனியில் துணி நிறம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் கட்டடத்தின் முன் நின்றபோது இதெல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சை அடைத்தது. அந்தக் காசில் படித்தது தவறு என்று நான் நினைக்கவில்லை. அங்கே படித்த வனவியல் மாணவர்கள் மேலும் தவறில்லை. ஆனால் கொடுத்தவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பணம் எந்த ஆற்றிலிருந்து வந்தது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். வதராசே என்ற சொல் அந்த மண்டபத்தோடு சேர்ந்தே நினைவில் இருக்க வேண்டும்.

இரவு அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"குளிருதா கண்ணு?"

"குளிருதுங்கப்பா." எல்லாவற்றையும் சொன்னேன். யனாகா வரை வந்ததும் நடுவில் கேட்டார்.

"அவிங்களுக்கு நெலம் திரும்பக் கெடைச்சுதா?"

"ஊரு போனது போனதுதானுங்க. வேற பக்கத்துக்காரங்களுக்கு ரொம்ப நாள் கழிச்சுக் காசு குடுத்திருக்காங்க."

"அந்த மனு குடுக்க ஓடுனாரே, அவரு?"

"1913ல செத்துட்டாருங்க. சாகும்போது கையில ஒரு பைதான் இருந்துச்சாம். நாட்குறிப்பு, சட்டப் புத்தகம், பைபிள், அப்புறம் மூணு கூழாங்கல்லு."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"உன்ற காலேஜ் பீசு கட்டுன ரசீதெல்லாம் டிரங்குப் பொட்டியில இருக்குது கண்ணு. பட்டறைச் சம்பளச் சீட்டும் அதோடதான் கெடக்குது. ஒண்ணாத்தான் கட்டி வெச்சிருக்கறேன்," என்றார்.

எனக்கு இது இதுவரை தெரியாது.

அக்டோபர் 31

கடைசி நாள். வெயில், ஆனால் மூன்று டிகிரி. புல்லில் வெள்ளையாக உறைபனி.

பாப்லர் சாலை பார்த்தேன். 2004 புயலில் இதன் மரங்களில் பாதி விழுந்தன. விழுந்ததில் ஒரு பகுதி மரத்தை எடுத்து இசைக்கருவி செய்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்துப் பண்ணைப் பால் விற்கும் காப்பிக்கடையில் ஒரு கிளாஸ் குடித்தேன். சூடாக்கித் தரச்சொன்னேன், மேலே ஆடை படிந்தது. ஊரை விட்டு வந்தபிறகு ஆடையோடு பால் குடித்தது இன்றுதான்.

கோவை வளாகத்தில் ஒரு வயல் இருக்கிறது. நிரந்தர உரப் பரிசோதனை என்று பெயர். 1909இல் தொடங்கியது. ஒவ்வொரு பாத்திக்கும் வருடா வருடம் ஒரே உரம், நூறு வருடத்துக்கு மேலாக. மண் எதை எத்தனை நாள் நினைவில் வைத்திருக்கிறது என்று கணக்கெடுக்கும் வயல். ஃபுருகாவா மண்டபத்துக்கும் அதே வயது. இந்தக் கணக்கு நேற்று இரவு படுக்கையில்தான் தோன்றியது. அதனால் ரயிலுக்கு முன்பு இன்னொரு முறை மண்டபத்தின் முன்னால் போய் நின்றேன்.

உள்ளே பொதுமக்கள் போக முடியாது, ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் வேலை செய்யும் அறைகள். சைக்கிளில் ஒரு பெண் வந்தாள். மாணவியாக இருக்கும். கையுறையை வாயால் கடித்துக் கழற்றி, சாவி தேடிக் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்து லேசாகத் தலை குனிந்தாள், நானும் குனிந்தேன். மரப்படி ஏறும் சத்தம் வெளியே வரை கேட்டது. கொஞ்ச நேரத்தில் மேல்மாடியில் இடப்பக்க ஜன்னல் ஒன்றில் விளக்கு எரிந்தது. கண்ணாடியில் படிந்திருந்த பனியை அவள் உள்ளிருந்து கையால் துடைத்தாள்.